ஒன்பதாவது கேள்வி எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் நலவாழ்வுப் பக்கத்தில் ‘2 நிமிடத்தில் உங்கள் மனதை அளந்து பாருங்கள்’ என்று ஒரு கட்டம் போட்டிருந்தீர்கள். தலைப்பில் 9 கேள்விகள். எண்ணிப் பார்த்தேன், 8தான் இருந்தன. கேள்விக்கு அதிகபட்சம் 3 மதிப்பெண். எட்டு மூன்று இருபத்துநான்கு. உங்கள் அட்டவணையோ 27 வரை போகிறது. மீதி 3 மதிப்பெண்ணை வாசகர்கள் எங்கே போய் வாங்குவது?

அச்சுப்பிழை என்று சொல்லிவிடாதீர்கள். அது குரோன்கே, ஸ்பிட்சர், வில்லியம்ஸ் என்ற ஆய்வாளர்கள் மூவரும் 2001-இல் வெளியிட்ட, மனச்சோர்வு எவ்வளவு என்று பார்க்கும் பிஎச்க்யூ-9 படிவம். செத்துப்போனால் தேவலை என்றோ, தன்னைக் காயப்படுத்திக்கொள்ள வேண்டும் என்றோ கடந்த 2 வாரங்களில் தோன்றியதா என்பதுதான் அதன் கடைசிக் கேள்வி. குடும்பப் பத்திரிகையில் அதைக் கேட்கக் கூசியிருக்கிறீர்கள். கேட்டால் இல்லாத எண்ணம் வந்துவிடும் என்ற பயமாகவும் இருக்கலாம். கேட்பதால் வருவதில்லை; உங்கள் மருத்துவ ஆலோசகரைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்.

என் அக்கா அந்தப் படிவத்தை நிரப்பியவள். மருத்துவமனை வரவேற்பறையில் மடியில் கைப்பையை வைத்து, அதன்மேல் எழுதினாள். பேனா எழுதாமல் இரண்டு முறை உதறினாள். தூக்கத்துக்கு 2, சோர்வுக்கு 2, பசிக்கு 1, கவனம் சிதறுவதற்கு 1. ஒன்பதாவதில் கை நின்றது. நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன். ‘சில நாட்கள்’ என்ற கட்டத்தில் டிக் போட்டாள். ஆக மொத்தம் 7. 5 முதல் 9 வரை ‘லேசானது’. படிவத்தை வாங்கியவர் கூட்டிப் பார்த்து, அந்த வார்த்தையைச் சுழித்து, ஃபைலில் செருகிவிட்டார். அந்த ஒற்றை 1-ஐப் பற்றி யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மூன்றாவது வாரம் அவளை எந்த நிலையில் தூக்கிக்கொண்டு ஓடினோம் என்பதை இங்கே எழுதப்போவதில்லை. இன்று நன்றாக இருக்கிறாள். உங்கள் கட்டத்தை என்னிடம் காட்டியதே அவள்தான். “என் கேள்வியை எடுத்துட்டாங்க பாரு” என்றாள்.

‘10-க்கு மேல் எடுத்தால் நீங்கள் மன அழுத்த நோயாளி’ என்ற தீர்ப்பு வேறு. 10 வந்தால் மருத்துவரிடம் உட்கார்ந்து பேச வேண்டும், அவ்வளவுதான். தைராய்டு குறைந்தவருக்கும் ரத்தசோகை உள்ளவருக்கும்கூட சோர்வு, தூக்கம், பசி என்று மதிப்பெண் ஏறும். தவிர, வேலைச் சுமைக்கும் மன அழுத்தம், மனச்சோர்வு நோய்க்கும் மன அழுத்தம் என்று எழுதாதீர்கள் என 2 ஆண்டுகளுக்கு முன்பே கடிதம் போட்டேன். பதில் இல்லை. பதற்றத்துக்கான ஜிஏடி-7 கேள்விகளை நீங்கள் அச்சிட்டபோது, மதிப்பெண் போட்ட பிறகு யாரைப் பார்ப்பது என்று ஒரு வரி கிடையாது. அப்போதும் எழுதினேன். ஆனால் குறுக்கெழுத்தில் ஒரு கட்டம் பிசகியதற்கு மறு இதழிலேயே பெட்டி கட்டி வருத்தம் தெரிவித்தீர்கள். மகிழ்ச்சி.

நான் கேட்பது நாலு வரி இடம். விடுபட்ட கேள்வியை அதே பக்கத்தில் போடுங்கள். அதில் 0 தவிர எதைக் குறித்திருந்தாலும், மொத்த மதிப்பெண் எவ்வளவாக இருந்தாலும், அன்றைக்கே மருத்துவரிடமோ நம்பிக்கையான ஒருவரிடமோ சொல்ல வேண்டும் என்று கீழே எழுதுங்கள். 27-ஐ 24 ஆக்கிவிட்டுக் கணக்கை நேர் செய்துவிட வேண்டாம்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகி