பையில் வருவதைச் சமைக்கக் குறிப்பு போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் வார இணைப்பில் வரும் சமையல் பக்கத்துக்காக ஒரு கோரிக்கை. அதைச் சொல்வதற்கு முன்னால் கொஞ்சம் விவரம் சொல்ல வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் கொடைக்கானலில் குடியிருக்கிறோம். பூம்பாறைப் பக்கம் ஒரு விவசாயக் குடும்பத்திடம் சந்தா கட்டிக் காய்கறி வாங்குகிறோம். மூன்று மாதத்துக்கான பணத்தை முதலிலேயே கொடுத்துவிட வேண்டும். வாரம் ஒரு துணிப்பை வரும். அதில் என்ன இருக்க வேண்டும் என்று நாம் சொல்ல முடியாது, தோட்டத்தில் அந்த வாரம் எது பறிக்கத் தயாராக இருக்கிறதோ அதுதான் வரும். நாலைந்து காய், ஒரு கட்டுக் கீரை, சில வாரம் பூண்டு, ஆடி மாதம் பிறந்தால் பேரிக்காய். அவர்களுடைய சொந்தக்காரர் தோட்டம் கீழ்மலையில் இருப்பதால் அங்கிருந்து சௌசௌவும் பட்டர் ஃப்ரூட்டும் சேர்ந்து வரும். பால்காரரிடம் மாதக் கணக்கு வைப்பது போலத்தான், பணம் மட்டும் முதலில் போய்விடுகிறது. கேட்பவர்களுக்குப் புதுசாகத் தெரிகிறது, ஆனால் ஜப்பானில் 1970-களிலேயே குடும்பப் பெண்கள் விவசாயிகளோடு நேராகப் பேசி ‘தெய்க்கெய்’ என்ற பெயரில் இப்படி வாங்கத் தொடங்கிவிட்டார்கள். அமெரிக்காவில் 1986-ல் மாசசூசெட்ஸிலும் நியூ ஹாம்ஷயரிலும் இரண்டு பண்ணைகள் ஆரம்பித்து வைத்தன.

அந்த முன்பணம் ஏன் முக்கியம் என்று மலைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, கீழே இருப்பவர்களுக்காகச் சொல்கிறேன். மலைப்பூண்டை மே வாக்கில் ஒரு தடவையும் நவம்பர் வாக்கில் ஒரு தடவையும் நடுகிறார்கள். விதைப்பூண்டு, உரம், ஆள்கூலி எல்லாவற்றுக்கும் அப்போதே காசு வேண்டும். கையில் இல்லாதவர் வியாபாரியிடம் வாங்குவார், வாங்கினால் விளைந்ததை அவருக்கே போட வேண்டும், அவர் சொல்வதுதான் விலை. 2019-ல் கொடைக்கானல் மலைப்பூண்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது, எங்களுக்கெல்லாம் பெருமைதான். ஆனால் மூட்டை வடுகபட்டிச் சந்தைக்குப் போய் இறங்கினால் அன்றைய விலைதான் விலை. கேரட்டும் கோஸும் அப்படியே, ஒட்டன்சத்திரத்துக்குப் போகும், விலை விழுந்த நாளில் பறிகூலிக்கும் லாரி வாடகைக்கும்கூடக் கட்டாது. நாங்கள் முன்னாலேயே கொடுக்கும் பணத்தில் அந்தக் குடும்பம் யாரிடமும் கை நீட்டாமல் விதை வாங்குகிறது. உறைபனி விழுந்து கீரை கருகினால் அந்த வாரம் எங்கள் பை இளைத்துத்தான் வரும், அதற்கு யாரும் சண்டைக்குப் போவதில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மேல்மலையில் விளைந்த காய் மலையிறங்கிப் போய், மார்க்கெட்டில் ஏலம் போய், மறுபடி லாரி ஏறி இதே கொடைக்கானல் கடைக்கு வருவது எவ்வளவு வீண். 2018 நவம்பரில் கஜா புயல் வந்தபோது மரங்கள் விழுந்து பாதை அடைபட்டது. மழைக்காலத்தில் எங்காவது மண் சரிந்தாலும் அதே கதைதான். இத்தனை தோட்டம் சுற்றி இருக்கிற ஊர், காய்கறிக்குக் கீழேயிருந்து வரும் வண்டியை எதிர்பார்த்து நிற்கக் கூடாது.

சரி, இப்போது விஷயத்துக்கு வருகிறேன். இந்தச் சந்தாவில் சேர்ந்தவர்களில் நிறையப் பேர் முதல் தவணை முடிந்ததும் நின்றுவிடுகிறார்கள். காய் நன்றாக இல்லை என்று யாரும் சொல்வதில்லை, விலை கூடுதல் என்று சொல்பவர்களும் சிலர்தான். ‘மறுபடியும் கோஸா’, ‘இந்த நூல்கோலை என்ன செய்வது’, ‘சௌசௌ போட்டால் பிள்ளைகள் தட்டைத் தள்ளிவிடுகிறார்கள்’, இதுதான் காரணம். பை அப்படியே வாசலில் கிடக்கும், பாதி அழுகும், அப்புறம் மனசு கேட்காமல் நிறுத்திவிடுவார்கள். ஆக விவசாயம் தோற்கவில்லை, அடுப்படியில் வழி தெரியாமல்தான் இது நின்றுபோகிறது. எந்தக் காயையும் எந்த மாதமும் கடையில் வாங்கலாம் என்று ஆன பிறகு, இருக்கிற காயை வைத்து ஒரு வாரத்தை ஓட்டும் பழக்கம் வீடுகளில் விட்டுப்போய்விட்டது. என் அத்தை பண்ணைக்காட்டுக்காரர். கோஸ் காலத்தில் கோஸ், அவரைக் காலத்தில் அவரை என்று சாப்பிட்டே வளர்ந்தவர். அவரிடம் கேட்டுக் கேட்டுத்தான் எங்கள் வீட்டில் பை காலியாகிறது. அப்படிக் கேட்க ஆளில்லாத வீட்டுக்கு உங்கள் பத்திரிகை அந்த இடத்தில் இருக்க வேண்டும் என்பதுதான் நான் சொல்ல வந்தது.

ஒரு கோஸையே எடுத்துக்கொள்ளுங்கள். தோட்டத்திலிருந்து வரும் கோஸில் கடைக்காரர் உரித்துப் போட்டுவிடும் கரும்பச்சை வெளி இலை இரண்டு மூன்று இருக்கும். அதை வீசவே கூடாது. நடு நரம்பைக் கீறி எடுத்துவிட்டு, மீதி இலையைச் சுருட்டிப் பொடியாக அரிந்து, வெந்த துவரம்பருப்போடு கீரைக் கூட்டு மாதிரி வைத்தால் போதும், அது கோஸ் என்றே யாருக்கும் தெரியாது. உள்ளே இருக்கும் வெளிர்பச்சை அடுக்கு பொரியலுக்கு. கடுகு, உளுத்தம்பருப்பு, பச்சை மிளகாய் தாளித்து, தண்ணீர் தெளிக்காமல், மூடாமல், நல்ல தீயில் புரட்டி, மொறுமொறுப்பு போவதற்குள் தேங்காய் தூவி இறக்கிவிட வேண்டும். கோஸ் நாறுகிறது என்று பிள்ளைகள் சொல்வதெல்லாம் அதிகம் வேகவிட்ட கோஸைத்தான். நடுத்தண்டைத் தோல் சீவி வில்லையாக நறுக்கிச் சாம்பாரில் போட்டால் நூல்கோல் மாதிரி இருக்கும். வாரக் கடைசியில் மிஞ்சியதைப் பொடியாக அரிந்து அடை மாவில் கலக்கலாம். அதுவும் போக ஒரு கைப்பிடி இருந்தால் உளுத்தம்பருப்பு, வரமிளகாய், துளி புளி வறுத்து, கோஸைப் பச்சை வாசனை போக வதக்கி, துவையல் அரைத்து, சுடுசோற்றில் நல்லெண்ணெய் விட்டுப் பிசைந்து சாப்பிட வேண்டும். எங்கள் வீட்டில் பொரியலைவிட இந்தத் துவையலுக்குத்தான் போட்டி. ஒரே ஒரு கோஸ்தான், ஆனால் ஒரு நாள் மாதிரி இன்னொரு நாள் இல்லை.

சௌசௌவுக்கு வருகிறேன். கீழ்மலைப் பந்தலில் காய்த்துத் தொங்கும் காலத்தில் வாராவாரம் அதுதான். நறுக்கும்போது கையில் பசை ஒட்டித் தோல் உரிவது போல ஆகும், அதனாலேயே பல பேருக்கு அதன் மேல் வெறுப்பு. கையில் எண்ணெய் தடவிக்கொண்டோ, தண்ணீருக்குள் வைத்தோ நறுக்கினால் அந்தத் தொல்லை இல்லை. தோலைச் சீவித் துவையலுக்கு வைத்துக்கொள்ளலாம். இளங்காயில் உள்ளே இருக்கும் விதையையும் சேர்த்தே வேகவைக்கலாம், மெத்தென்று நன்றாக இருக்கும். எங்கள் தெருவில் ஹோட்டல் வேலைக்கு வந்திருக்கும் டார்ஜிலிங் பெண் ஒருத்தி, பந்தலில் சுருண்டு நிற்கும் இளங்குருத்தைக் கிள்ளி, பூண்டு தட்டிப் போட்டு வதக்குகிறாள், அவள் ஊரில் அது அன்றாடக் கீரையாம். கொடி பழசானால் அடியில் விடும் கிழங்கையும் தோண்டி வேகவைத்துச் சாப்பிடுவார்களாம். நம் மலையில் இத்தனை ஏக்கர் பந்தல் இருக்கிறது, குருத்தைக் கீரையாகக் கிள்ளும் வீடு ஒன்றைக்கூட நான் பார்க்கவில்லை. இதை ஒரு தடவை உங்கள் பக்கத்தில் போட்டால் எத்தனை வீட்டுக்குப் போய்ச் சேரும் என்று யோசித்துப் பாருங்கள்.

இலைகளைப் பற்றித் தனியாகவே எழுதலாம். கடைக்கு வரும் பீட்ரூட்டுக்கும் முள்ளங்கிக்கும் தலையை வெட்டித்தான் விற்பார்கள், பையில் வருவது இலையோடு வரும். வந்தவுடன் கேரட்டின் தலையைக் கிள்ளிவிட வேண்டும், இல்லாவிட்டால் இலை ஈரத்தை இழுத்து ரெண்டே நாளில் கேரட் துவண்டுவிடும். அந்த இலை லேசாகக் கசக்கும், புளியும் தேங்காயும் கூட வைத்துச் சட்னி அரைத்தால் கசப்பு அடங்கிவிடும். முள்ளங்கிக் கீரைக்குப் பாசிப்பருப்பு. பூண்டு முற்றுவதற்கு முன் சில வாரம் தாளோடு வரும், அந்தத் தாளை வெங்காயத்தாள் மாதிரி பொடியாக அரிந்து முட்டையில் அடித்து ஊற்றினால், சாரல் அடிக்கும் சாயங்காலத்துக்கு வேறு ஒன்றும் வேண்டாம். முற்றிய பூண்டைக் கட்டாகக் கட்டி அடுப்புப் புகை படும் இடத்தில் தொங்கவிட்டால் நெடுநாள் கெடாது, கேஸ் அடுப்பு வந்த பிறகு அந்த இடமே பல வீட்டில் இல்லை. பட்டர் ஃப்ரூட் என்றால் சர்க்கரையும் பாலும் போட்டு ஜூஸ் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், உப்பு, எலுமிச்சைச் சாறு போட்டுக் கையால் மசித்துச் சப்பாத்திக்கு வைத்துப் பாருங்கள், அடுப்பில் மட்டும் ஏற்றிவிடாதீர்கள், கசந்துபோகும்.

உங்கள் சமையல் பக்கத்தின் மேல் எனக்குக் குறை ஒன்று உண்டு. அதில் வருகிற குறிப்புகள் எல்லாம் கீழே இருக்கிற ஊர்களின் அடுப்புக்கு எழுதியவை. ‘மாவை இரவு முழுக்கப் புளிக்கவிடவும்’ என்று இருக்கும். மார்கழியில் எங்கள் ஊரில் இரவு முழுக்க வைத்தாலும் மாவு அசையாது, அடுப்போரமாக வைத்துப் போர்வை சுற்ற வேண்டும். ‘பருப்பைக் குழைய வேகவிடவும்’ என்று இருக்கும். கொடைக்கானல் ஏறக்குறைய 2,100 மீட்டர் உயரம், இங்கே தண்ணீர் 93 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடுகிறது, திறந்த பாத்திரத்தில் பருப்பும் காய்ந்த பட்டர் பீன்ஸும் லேசில் மசியாது, குக்கரிலும் விசில் கூடுதலாக வைக்க வேண்டும். வத்தல் போடலாம் என்றால் மஞ்சு இறங்குகிற ஊரில் வெயிலுக்கு எங்கே போவது? மலையில் சமைப்பவர்களிடம் கேட்டு எழுதினால் இதெல்லாம் தானாகவே குறிப்பில் வந்துவிடும். பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி, தாண்டிக்குடிப் பக்கம் இருக்கும் வயதான பெண்களிடம் ஒரு நிருபர் உட்கார்ந்து கேட்டாலே ஒரு வருஷத்துக்கு எழுத விஷயம் கிடைக்கும்.

சந்தா எல்லோருக்கும் கட்டுப்படியாகுமா என்று கேட்பீர்கள். மூன்று மாதப் பணத்தை மொத்தமாகக் கொடுப்பது தினக்கூலி வீட்டுக்கு முடியாத காரியம், அதை மறைக்க வேண்டியதில்லை. எங்கள் பக்கத்தில் இரண்டு வீடு சேர்ந்து ஒரு பை வாங்குகிறார்கள், மாதம் மாதம் கட்டவும் அந்த விவசாயி ஒத்துக்கொண்டிருக்கிறார். ஆனால் நான் கேட்பது சந்தாக்காரர்களுக்காக மட்டும் இல்லை. ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் எது குவிந்து கிடக்கிறதோ, எது மலிவோ, அதை வாங்கி வாரம் முழுக்கச் சமைக்கிற எந்த வீட்டுக்கும் இந்தக் குறிப்பு உதவும்.

கேட்பது இதுதான்: சமையல் பக்கத்தில் வாரம் ஒரு சின்னப் பெட்டி. இந்த வாரம் மேல்மலையில், கீழ்மலையில் என்ன பறிக்கிறார்கள் என்று ஒரு வரி. அந்தக் காய் ஒன்றை வேர், தண்டு, இலை, தோல் எதுவும் வீணாகாமல் சமைக்க இரண்டு குறிப்பு. பனீரும் காளானும் போட்ட பெரிய படங்கள் அதன் பக்கத்திலேயே வரட்டும், எனக்கு ஆட்சேபணை இல்லை.

முதல் வாரத்துக்கு நானே ஒன்று அனுப்புகிறேன், இடமிருந்தால் போடுங்கள். பீட்ரூட் கீரைப் பொரியல்: இலையையும் சிவப்புத் தண்டையும் மண் போக மூன்று தண்ணீர் அலசி, தண்டைத் தனியாகவும் இலையைத் தனியாகவும் பொடியாக நறுக்கவும். ஒரு கைப்பிடி பாசிப்பருப்பை முன்னாலேயே ஊறவைக்கவும். எண்ணெயில் கடுகு, வரமிளகாய், தட்டிய மலைப்பூண்டு நாலு பல், சின்ன வெங்காயம் வதக்கி, முதலில் பருப்பையும் தண்டையும் போட்டு ஒரு கை தண்ணீர் தெளித்து மூடவும். பருப்பு மலர்ந்து அரை வேக்காடு வந்ததும் இலையைப் போட்டு உப்புச் சேர்க்கவும். உப்பைக் குறைத்தே போடுங்கள், இந்தக் கீரையில் இயற்கையாகவே கொஞ்சம் உப்புச் சுவை இருக்கும். தண்ணீர் வற்றியதும் தேங்காய் தூவி இறக்கவும். ரசம் சோற்றுக்கு நன்றாக இருக்கும்.

இப்படிக்கு,
உங்கள் வாசகி,
கொடைக்கானல்