மானியை வாசிக்கும் முறையைத் தமிழில் தாருங்கள்

எமது பகுதிக்கு மின்சாரம் வழங்கும் அலுவலகத்தின் பொறுப்பதிகாரி அவர்களுக்கு,

மதிப்புக்குரிய ஐயா,

எமது தொடர்மாடியின் மின்மானிப் பெட்டி பூட்டியிருந்ததும், மானி வாசிப்பாளர் திரும்பிச் சென்றதும், அதன்பின் மின்கட்டணப் பட்டியல்கள் மானியைப் பார்க்காமல் மதிப்பீட்டின்படி வந்ததும் தாங்கள் அறிந்தவையே. அதன் சுமை யார் தலையில் விழுந்தது என்பதைத் தெரிவிக்கவே இதை எழுதுகிறேன்.

கீழ்மாடியில் தையல் வேலை செய்து தனியே வாழும் அம்மா ஒருவர் மாதம் 54 அலகளவில் மின்சாரம் பாவிப்பவர். இரண்டு மாதங்கள் அவருக்கு மாதம் 42 அலகு என்று மதிப்பிட்டார்கள். மூன்றாம் மாதம் மானியைப் பார்த்தபோது, விடுபட்ட 24 அலகும் சேர்ந்து 78 ஆயிற்று. 60 அலகுக்குள் நிற்கும் வீட்டுக்கு முதல் 30 அலகுக்கு ஒரு விலையும் அடுத்த 30க்குச் சற்றுக் கூடிய விலையும் உண்டு. 60ஐத் தாண்டினாலோ அந்தக் குறைந்த படிகள் இரண்டும் இல்லாமற்போய், முதலாவது அலகிலிருந்தே கூடிய விலை அறவிடப்படுவதோடு நிலையான கட்டணமும் ஏறுகிறது. உண்மையில் எந்த மாதமும் 60ஐத் தொடாத ஒருவர் இவ்வாறுதான் அந்த விலையைக் கட்ட நேர்ந்தது. பகல் வெக்கையிலும் மின்விசிறியை நிறுத்திவிட்டுத் தைக்கும் அவரிடம், “நீங்கள் கூடப் பாவித்திருப்பீர்கள்” என்று கருமபீடத்தில் சொல்லியனுப்பியதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

மானியை வாசிக்கத் தெரிந்திருந்தால் அவர் முதல் மாதமே கேட்டிருப்பார். சுழலும் தட்டுள்ள பழைய மானியில் இலக்கங்களை இடமிருந்து வலமாக எழுதிக்கொண்டு, கடைசியில் சிவப்பு இலக்கம் இருந்தால் அதை விட்டுவிட வேண்டும். அது அலகின் பத்திலொரு பங்கு. உருளை இரண்டு இலக்கங்களுக்கு நடுவே நின்றால், இன்னும் முழுதாக விலகிச் செல்லாத இலக்கத்தையே எடுக்க வேண்டும். இலத்திரனியல் மானியின் திரையில் மாறிமாறி வரும் எண்களில் ‘kWh’ (கே.டபிள்யூ.எச், அதாவது அலகு) என்ற குறியுடன் வரும் மொத்த எண்ணே தேவையானது. அந்த எண்ணிலிருந்து பட்டியலிலுள்ள முன்னைய வாசிப்பைக் கழித்தால் பாவித்த அலகு கிடைத்துவிடும். இவ்வளவையும் அரைப் பக்கத்தில் அச்சிடலாம். அந்த அரைப் பக்கத்தைத் தமிழில் தாருங்கள் என்பதே எனது கோரிக்கை.

1987இல் அரசியலமைப்பின் 13ஆவது திருத்தத்தினால் தமிழும் அரச கரும மொழியானது. அவ்வாறிருந்தும் எமது பட்டியல் ஆங்கிலத்தில் மட்டும் குறுந்தகவலாக வருகிறது. அதை விளங்கிக்கொள்ள முதியவர்கள் அயல்வீட்டுப் பிள்ளைகளுக்காகக் காத்திருக்க வேண்டியுள்ளது. பணத்தைக் கட்டுபவருக்குக் கணக்கைப் புரிந்துகொள்ளும் உரிமையும் உண்டல்லவா?

ஆகவே, மானியை வாசிக்கும் முறையை ஒவ்வொரு வீட்டுக்கும் தமிழில் தருமாறும், வாசிப்பாளர் வர இயலாத மாதங்களில் நாங்கள் எடுத்தனுப்பும் வாசிப்பை மதிப்பீட்டுக்குப் பதிலாக ஏற்குமாறும், அந்த அம்மாவின் மூன்று மாதக் கணக்கை 54 அலகு வீதம் பிரித்துத் திருத்துமாறும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
தொடர்மாடிக் குடியிருப்பாளர் ஒருவர்,
கொழும்பு