மாத்த வேணாம், மஞ்சள் அடிங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம். உங்க பேப்பர்ல கம்ப்யூட்டர்னாலே ஏஐ ஏஐனுதான் வருது, எங்கள மாதிரி நாள் பூரா வேர்ட்லயே குடித்தனம் பண்றவங்களுக்கு ஒரு வரி கூட இல்ல, அதான் நானே எழுதுறேன்.

மதுரைல மனு, பத்திரம் டைப் அடிக்கிற கடை வச்சிருக்கேன். போன வருஷம் ஒருத்தர் கோயில் நிலம் சம்பந்தமா அறுபது பக்கம் கொண்டாந்து "மனு"னு இருக்கற இடத்துல எல்லாம் "விண்ணப்பம்"னு மாத்தித் தாங்கன்னாரு. நானும் ரீப்ளேஸ் ஆல் ஒரு தட்டு தட்டிட்டு டீ குடிக்கப் போயிட்டேன். பிரிண்ட் எடுத்துப் பாத்தா மனுதாரர் விண்ணப்பம்தாரர் ஆயிட்டாரு, மனுநீதி நாள் விண்ணப்பம்நீதி நாள், அதோட விட்டுச்சா, அனுமனுக்கு எழுதி வச்ச நிலம் "அனுவிண்ணப்பம்க்கு" போயிடுச்சு! முழு வார்த்தை மட்டும் தேடுன்னு டிக் போட்டா மனுவை, மனுவில், மனுக்கள் எல்லாம் தப்பிச்சிடும். தமிழ்ல வார்த்தை வால் இல்லாம வராதே, எது மாறணும்னு மெஷினுக்கு எப்படித் தெரியும்.

அதுலேர்ந்து நான் மாத்துறதே இல்ல, மஞ்சள்தான். கண்ட்ரோல் எச் அடிச்சு தேடுற வார்த்தைய போட்டு, ரீப்ளேஸ் கட்டத்த காலியா விட்டு, பார்மட்ல ஹைலைட் மட்டும் குடுத்தா எழுத்து அப்படியே இருக்கும், கலர் மட்டும் விழும், அப்புறம் ஒவ்வொண்ணா கண்ணால பாத்து கையால மாத்திக்கலாம். நாப்பது வார்த்தை இருந்தா நாப்பது தடவ இதையே பண்ண முடியாதுல்ல, அதுக்குத்தான் மேக்ரோ, அதாவது இந்த வேலைய வேர்டே தானா செய்யறதுக்கு நாம எழுதி வைக்கிற சின்ன ப்ரோக்ராம்.

இங்கதான் தமிழ்க்காரனுக்கு அடி. மேக்ரோ எழுத ஆல்ட் எஃப் 11 அடிச்சா தொறக்கிற ஜன்னல்ல தமிழ ஒட்டுனா வெறும் கேள்விக்குறியா நிக்கும், "மனு"வுக்கு 2990, 2985, 3009னு ஒவ்வொரு எழுத்துக்கும் குறிக்கும் உள்ள நம்பரா குடுக்கணும், நம்மால ஆவுற காரியமா அது? நான் கண்டுபிடிச்ச வழி, வார்த்தைகள தனியா ஒரு வேர்ட் பைல்ல வரிக்கு ஒண்ணா அடிச்சு வச்சிட்டு, மேக்ரோவ அந்தப் பைல படிச்சு தேடச் சொல்றது. கோட்ல தமிழே வராது. ஆனா அடிக்குறிப்பு, ஹெடர்ல இருக்கறத சாதாரண மேக்ரோ தொடாது, அத தனியா சொல்லணும். யாரோ மெயில்ல அனுப்புன மேக்ரோவ மட்டும் தொறந்துடாதீங்க, 1999ல மெலிசா வைரஸ் வேர்ட் பைல் வழியாத்தான் பரவுச்சு.

பாமினிங்கற பழைய தமிழ் பாண்ட்ல அடிச்ச பைல் வந்தா இது எதுவும் வேலைக்காகாது, அதுல "தமிழ்"ங்கறது உள்ளுக்குள்ள ஜே கே பி ஓ செமிகோலன்னு இங்கிலீஷ் கீதான். முதல்ல யூனிகோடுக்கு, அதாவது தமிழ் எழுத்துக்குன்னே தனி நம்பர் இருக்கற முறைக்கு, மாத்திட்டுத்தான் தேடணும்.

வாரத்துக்கு ஒரு கால் பக்கம் இந்த மாதிரி விஷயத்துக்கு ஒதுக்குங்க சார், எங்க கடைத்தெருவுலயே பத்து பேர் படிப்போம்.

இப்படிக்கு,
மனு டைப் அடிக்கிற ஒருத்தன்,
மதுரை.