‘அனைவருக்கும் ஒரே சட்டம்’: எந்த ஊரில், ஐயா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

‘வெளிநாட்டு நன்கொடை விஷயத்தில் கட்சிகளுக்கும் தொண்டு நிறுவனங்களுக்கும் ஒரே சட்டம்தான்’ என்று ஞாயிறு நடுப்பக்கக் கட்டுரையில் ஒரு வரி. படித்ததும் காப்பி டம்ளரைக் கீழே வைத்தவன் மறுபடி எடுக்கவில்லை, ஆறிப்போயிற்று.

நான் ஓய்வுபெற்ற கூட்டுறவுச் சங்கக் கணக்கர். எங்கள் ஊர் முதியோர் காப்பகத்துக்குச் சம்பளமில்லாமல் கணக்கு எழுதுகிறேன். இங்கிலாந்துக் குடியுரிமை வாங்கிக்கொண்ட எங்கள் ஊர்ப் பிள்ளைகள் சிலர் அனுப்பும் பணத்தில்தான் மருந்துச் செலவு ஓடுகிறது. வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின் 2020 திருத்தத்துக்குப் பிறகு அந்தப் பணம் முதலில் டெல்லி நாடாளுமன்ற வீதி ஸ்டேட் வங்கிக் கிளையில் இறங்கித்தான் இங்கே வர வேண்டும். நிர்வாகச் செலவுக்கு நூற்றுக்கு 50 வரை இருந்த அனுமதி 20 ஆகிவிட்டது. (சமையல்கார அம்மாளின் சம்பளம் நிர்வாகமா, சேவையா என்று ஆடிட்டரோடு நான் போட்ட சண்டை தனிக்கதை.) பெரிய அமைப்பொன்று தனக்கு வந்ததில் எங்களுக்குப் பகிர்ந்து தந்த தொகையும் நின்றது. பகிரக் கூடாதாம்.

கட்சிகள் கதை தாங்கள் அறியாததல்ல. லண்டன் சுரங்க நிறுவனமான வேதாந்தாவின் துணை நிறுவனங்களிடம் நன்கொடை பெற்றதில் பா.ஜ.க.வும் காங்கிரசும் 1976ஆம் ஆண்டு வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தை மீறியதாக 2014 மார்ச் 28 அன்று டெல்லி உயர் நீதிமன்றம் கூறியது. ஆறு மாதத்துக்குள் நடவடிக்கை எடுக்கவும் சொன்னது. எடுத்தார்கள், சட்டத்தின் மீது! 2016 நிதிச் சட்டத்தில் வெளிநாட்டு நிறுவனம் என்பதற்கான விளக்கத்தையே மாற்றினார்கள். அந்தத் திருத்தத்தின் கை பின்னோக்கி 2010 செப்டம்பர் வரைதான் எட்டியது. வழக்கோ அதற்கும் முந்தைய பணத்தைப் பற்றியது. 2018இல் மறுபடி நிதி மசோதா, மறுபடி திருத்தம்: 1976 ஆகஸ்ட் 5 முதல் செல்லும்! மக்களவையில் விவாதமே இல்லை. எங்கள் சங்கத்தில் ஒரு வவுச்சருக்கு ஒரே ஒரு நாள் பின்தேதி போட்ட பையனுக்கு மெமோ கொடுத்தார்கள்.

கொடுப்பவர் பெயர் வெளியே தெரியாமல் கட்சிகளுக்கு நன்கொடை தர வழிசெய்த தேர்தல் பத்திரங்களைப் பற்றி 2018இலேயே தங்களுக்கு எழுதினேன். கடிதம் வரவில்லை, அந்த வாரம் முருங்கைக்கீரையின் மகத்துவம் வந்தது. கீரைமேல் எனக்குப் பகையில்லை. 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அத்திட்டத்தை ரத்து செய்தபோது, தாங்கள் அன்றே எச்சரித்ததாகத் தலையங்கம் தீட்டினீர்கள். யாரை எச்சரித்தீர்களோ!

அந்த ஒரு வரிக்குத் திருத்தம் வெளியிடுங்கள். ராசிபலனுக்குக் கீழே இரண்டு அங்குலம் போதும். டிசம்பர் 31க்குள் காப்பகத்தின் வெளிநாட்டு நன்கொடை ஆண்டறிக்கையை இணையத்தில் ஏற்ற வேண்டியிருக்கிறது. இன்னொரு கடிதம் எழுத எனக்கு நேரமில்லை.

இப்படிக்கு,
நெடுநாள் சந்தாதாரர்,
விருதுநகர் மாவட்டம்