மலருக்கு: அந்த நெறிக்கட்டியை முழுசாக எடுத்துப் பார்க்கச் சொல்

அன்புள்ள மலருக்கு,

ஊசிப் பரிசோதனை ரிப்போர்ட்டில் 'லிம்போமாவாக இருக்கலாம்', அதாவது நெறிக்கட்டிப் புற்றுநோயாக இருக்கலாம் என்று எழுதியிருப்பதைப் படித்தேன். கீமோவை உடனே ஆரம்பிக்கலாமா என்று கேட்டிருக்கிறாய். அதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. கழுத்திலுள்ள அந்த நெறிக்கட்டியைச் சிதைக்காமல் முழுசாக எடுத்துப் பயாப்ஸி செய்யச் சொல்.

மெல்லிய ஊசியில் வருவது உதிரி செல்கள். கட்டிக்குள் அவை எப்படி அமைந்திருந்தன என்பது அதில் தெரியாது. நாலு செங்கல்லைப் பார்த்து வீட்டின் அமைப்பைச் சொல்ல முடியுமா? லிம்போமாவில் ஹாட்ஜ்கின் என்ற வகையில் ரீட்-ஸ்டெர்ன்பெர்க் என்ற புற்றுசெல்கள் மிகச் சிலவே இருக்கும். மற்றவை அவற்றைச் சுற்றித் திரண்ட சாதாரண அணுக்கள். ஊசி அந்தச் சிலவற்றைத் தொடாமலே வந்துவிடலாம். கட்டி நெஞ்சிலோ வயிற்றிலோ ஆழமாக இருந்தால்தான் தடித்த ஊசியால் எடுக்கும் கோர் பயாப்ஸியோடு நிறுத்திக்கொள்வார்கள். உனக்குக் கைக்கு எட்டும் இடத்திலேயே இருக்கிறது.

வகை தெரியாமல் மருந்தைத் தேர்ந்தெடுக்க முடியாது, கண்ணு. ஹாட்ஜ்கினுக்குப் பல காலமாகத் தருவது ஏபிவிடி என்ற நாலு மருந்துச் சேர்க்கை, 14 நாளுக்கு ஒருமுறை. பி-செல் என்ற வெள்ளணுவில் தோன்றி வேகமாக வளரும் பெரிய பி-செல் வகைக்கு ஆர்-சாப் என்ற மருந்துச் சேர்க்கை, 21 நாளுக்கு ஒருமுறை, வழக்கமாக 6 சுற்று. மெதுவாக வளரும் ஃபாலிகுலர் வகையில் தொந்தரவு இல்லையென்றால் மருந்தே தராமல் கண்காணிப்பதுண்டு. அதை, நோயாளியைக் கைவிட்டதாக நினைக்கக் கூடாது.

பயாப்ஸி முடியும்வரை ஸ்டீராய்டு மாத்திரை வேண்டாம். கட்டி மூச்சுக்குழாயை அழுத்துவது போன்ற அவசரத்துக்கு மட்டும் விதிவிலக்கு. பிரெட்னிசலோன் போன்ற ஸ்டீராய்டு இந்தச் செல்களைச் சில நாட்களிலேயே அழிக்கும். கட்டி சுருங்கும், உனக்கும் நிம்மதியாக இருக்கும். பிறகு வெட்டினால் செத்த திசுதான் கிடைக்கலாம், வகை பிடிபடாமல் போகலாம். காசநோயாக இருக்குமோ என்று உறுதி செய்யாமல் அதற்கு மருந்து கொடுத்துப் பார்ப்பதும் மாதக்கணக்கில் நேரத்தைத் தின்றுவிடும். இன்னொன்று: எடுத்த கட்டி முழுவதையும் ஃபார்மலின் என்ற பதப்படுத்தும் திரவத்தில் போட்டுவிடக் கூடாது. ஒரு துண்டு, செல்களின் வகையைப் பிரித்துச் சொல்லும் ஃப்ளோ சைட்டோமெட்ரி பரிசோதனைக்கு உயிரோடு போக வேண்டும்; கிருமியை வளர்த்துப் பார்க்கும் காசநோய்க் கல்ச்சருக்கும் ஒரு துண்டு. ஆபரேஷனுக்கு முன்பே சர்ஜனிடம் இதைக் கேட்டுவிடு.

38 டிகிரி செல்சியஸுக்கு மேல் காய்ச்சல், விரிப்பு நனையும் அளவு இரவு வியர்வை, 6 மாதத்தில் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறைவு: இவற்றில் எது இருந்தாலும் தேதியோடு எழுதி வை. நோய்நிலையைக் குறிக்கும்போது கேட்பார்கள். பெட்-சிடி ஸ்கேனில் 4-ஆம் நிலை என்று வந்தாலும் உடைந்துபோகாதே. ஹாட்ஜ்கினிலும் பெரிய பி-செல் வகையிலும் அந்த நிலையில்கூடக் குணமாக்கும் நோக்கத்தோடுதான் மருந்து தருவார்கள்.

கீமோவுக்கு முன் இதயத்துக்கு எக்கோ, ஹெபடைட்டிஸ் பி ரத்தப் பரிசோதனை இரண்டும் கட்டாயம். ஏபிவிடி, ஆர்-சாப் இரண்டிலும் உள்ள டாக்சோரூபிசின் இதயத் தசையைப் பாதிக்கலாம். ஆர்-சாப்பில் உள்ள ரிட்டுக்சிமாப், உள்ளே அடங்கிக் கிடக்கும் ஹெபடைட்டிஸ் பி வைரஸை எழுப்பிவிடலாம். பிற்காலத்தில் குழந்தை வேண்டுமென்றால் கருமுட்டையைச் சேமிப்பது பற்றியும் முதல் கீமோவுக்கு முன்பே பேசிவிடு. கூச்சப்படாதே.

கீமோ ஏறி 7 முதல் 14 நாளுக்குள் வெள்ளணுக்கள் மிகவும் இறங்கும். அப்போது காய்ச்சல் 38.3-ஐத் தொட்டாலோ, 38-லேயே ஒரு மணி நேரம் நின்றாலோ, நடுராத்திரி என்றாலும் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பு. பாராசிட்டமால் போட்டுவிட்டுக் காலையில் பார்க்கலாம் என்று காத்திருக்காதே. காய்ச்சல் தணிந்தாலும் கிருமி ரத்தத்தில் பெருகிக்கொண்டே இருக்கலாம்.

பயாப்ஸி ரிப்போர்ட் வந்ததும் கடைசி வரியை மட்டும் படம் எடுத்து அனுப்பாதே. சிடி20, சிடி30 என்று செல்லின் அடையாளப் புரதங்களை வரிசையாக எழுதியிருக்கும் இம்யூனோ பகுதியோடு எல்லாப் பக்கத்தையும் அனுப்பு. அதைப் பார்த்துவிட்டு டாக்டரிடம் கேட்க வேண்டியதைச் சேர்ந்து எழுதலாம்.

அன்புடன்,
அம்மா