சம்பூரிலிருந்து, வாக்குக் கேட்டு வந்த மகளுக்கு

அன்புள்ள மகள்,

போன ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் உள்ளூராட்சித் தேர்தலுக்கு வாக்குக் கேட்டு எங்கள் படலையடியில் வந்து நின்றாய். துண்டுப்பிரசுரத்தை நீட்டுவதற்கு முன்னால் ஒரு கொப்பியை விரித்தாய். எரியாத தெருவிளக்குகளின் கம்ப இலக்கங்கள், ஒழுங்கை ஒழுங்கையாக. கோயிலடியில் இரண்டு, கடற்கரைப் பக்கம் நான்கு, எங்கள் வளவுக்கு முன்னால் ஒன்று. யார் எழுதித் தந்தது என்று கேட்டேன். "நானே இரவில் நடந்து பார்த்து எழுதினேன், ரீச்சர்" என்றாய். பென்சிலால் எழுதி, அழித்து, திருத்தியிருந்தாய். ஏழாம் ஆண்டிலும் உன் கணக்குக் கொப்பி அப்படித்தான் இருக்கும்.

அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை. நம்பிக்கை வந்துவிட்டதே என்ற பயம்.

அந்தப் பயம் உனக்கும் தெரிந்ததுதான். 2006 ஏப்ரலில் ஊரில் குண்டு விழுந்தபோது உனக்கு ஆறு வயது. உன் அம்மா தம்பியைத் தூக்கியிருந்ததால் நீ என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாய். ஈச்சிலம்பற்று, வெருகல், வாகரை என்று அலைந்து கடைசியில் கிளிவெட்டி முகாமில் தகரக் கொட்டில். ஒவ்வொரு தேர்தலுக்கும் ஒருவர் வருவார். அடுத்த பொங்கல் உங்கள் ஊரில்தான் என்பார். பொங்கல் வரும், போகும். எங்கள் காணிகளில் 818 ஏக்கரை முதலீட்டுக்கென்று ஒதுக்கினார்கள். இந்தியாவுடன் சேர்ந்து 500 மெகாவாட் அனல் மின் நிலையம் என்றார்கள். நாங்கள் வேலிக்கு வெளியே நின்றோம்.

ஆனாலும் "யார் வந்தாலும் ஒன்றுதான்" என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. 2015 இல் ஆட்சி மாறியது. அந்த 818 ஏக்கருக்கான வர்த்தமானி அறிவித்தல் ரத்தானது. கடற்படை முகாம் இருந்த காணி 2016 இல் விடுபட்டது. அனல் மின் நிலையத்தையும் அதே வருடம் கைவிட்டார்கள். வாக்கு மட்டும் அதைச் செய்யவில்லை. மாற்றிடத்தில் வீடு தருகிறோம் என்றபோது வேண்டாம் என்று முகாமிலேயே கிடந்தவர்கள், வழக்குக்கு அலைந்தவர்கள், எல்லோரும் சேர்ந்துதான். ஆனால் வாக்கும் அதில் ஒரு பங்கு.

இந்தத் தேர்தலுக்கு முன்னர் உள்ளூராட்சித் தேர்தல் நடந்தது 2018 பெப்ரவரியில். 2023 மார்ச்சில் நடக்க இருந்ததை, பணமில்லை என்று நிறுத்தினார்கள். இரண்டு வருடமாக, ஒரு மின்குமிழ் மாற்றவேண்டும் என்றால் போய்க் கேட்பதற்கு நாம் தெரிந்தெடுத்த ஒருவர் இல்லை. இந்த மாதம் 5 ஆம் திகதி இந்தியப் பிரதமரும் நம் ஜனாதிபதியும் கொழும்பில் இருந்தபடியே சம்பூர் சூரிய மின் நிலையத்தின் கட்டுமான வேலையைத் தொடக்கிவைத்தார்கள். 120 மெகாவாட். நிலக்கரிப் புகைக்கு வெயில் எவ்வளவோ மேல். எனக்கு அதில் மகிழ்ச்சிதான். ஆனால் நாட்டுக்கு மின்சாரம் கொடுக்கப்போகும் ஊரில், ரியூசன் முடிந்த பிள்ளைகள் யானைக்குப் பயந்து ரோர்ச் அடித்துக்கொண்டு வீட்டுக்கு வருகிறார்கள்.

மூன்று வாக்குறுதி தந்திருக்கிறாய். தெருவிளக்கு, நாள் தவறாத தண்ணீர்ப் பௌசர், மாதம் ஒருமுறை வாசிகசாலையில் இருந்து சபையில் நடந்ததை ஊருக்குச் சொல்வது. முதல் இரண்டுக்கும் பணம் வேண்டும், சபையில் மற்றவர்களின் கை வேண்டும். அவை பிந்தினால் பொறுப்பேன். மூன்றாவதற்கு யாருடைய அனுமதியும் வேண்டாம். நான் பார்த்துக்கொண்டிருக்கப்போவது அதைத்தான். ஒரு மாதம் தவறினால் உன் வீட்டுக்கே வந்து கேட்பேன்.

இன்னொன்று. உள்ளூராட்சி சபைகளில் பெண்களுக்கு 25 வீதம் என்று சட்டம் வந்த பிறகு, பட்டியலை நிரப்பப் பெயர் தேடி அலைந்தவர்களை நான் கண்டிருக்கிறேன். உன்னையும் அப்படிச் சேர்த்திருப்பார்கள் என்று சந்தியில் பேச்சு இருக்கிறது. இருக்கட்டும், கதிரை கதிரைதான். வரவு செலவுத் திட்டத்துக்குக் கை உயர்த்தச் சொல்வார்கள். தாளைக் கேட்டு வாங்கி, கடைசிப் பக்கம் வரை வாசித்துவிட்டு உயர்த்து. விளங்காவிட்டால் விளங்கவில்லை என்று சொல். வகுப்பில் நீ அதற்கு ஒருநாளும் வெட்கப்பட்டதில்லை.

மே 6 ஆம் திகதி காலையிலேயே போய் உனக்குப் போடுவேன். ஜூன் கடைசி ஞாயிறு வாசிகசாலையில் இருப்பேன், தோற்றாலும் வா. கொப்பியையும் கொண்டு வா. எங்கள் வளவுக்கு முன்னால் உள்ள கம்பத்தின் கடைசி இலக்கத்தை 7 என்று எழுதியிருக்கிறாய். விடிந்ததும் போய்ப் பார்த்தேன், அது 1. மேலே துருப்பிடித்திருக்கிறது, இரவில் அப்படித்தான் தெரியும். திருத்திக்கொள்.

உன் ரீச்சர்
சம்பூர், திருகோணமலை
2025 ஏப்ரல்