கேமரா இருந்தால் போதாது, காற்றும் காய்ந்திருக்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கணினிப் பார்வை என்றதும் பத்திரிகைகளில் முகத்தை அடையாளம் காணும் கேமராவும் ஓட்டுநர் இல்லாத காரும்தான் பேசப்படுகின்றன. தமிழ்நாட்டு வீடுகளுக்குள் அந்தத் தொழில்நுட்பம் எப்போதோ வந்துவிட்டது, அரிசி மூட்டை வழியாக. கடையில் வாங்கும் 26 கிலோ பையில் ‘சார்டெக்ஸ்’ என்று ஒரு சொல் அச்சாகியிருக்கும். (25 கிலோ வரையான பைகளுக்கு 2022 ஜூலையில் ஜிஎஸ்டி வந்ததால் 26 கிலோ ஆன பை அது.) அந்தச் சொல்லைப் பார்த்து கிலோவுக்குச் சில ரூபாய் கூடக் கொடுக்கிறோம். எத்தனை சதவீதம் கறுப்பு மணி நீக்கப்பட்டது என்று மட்டும் அதன் பக்கத்தில் எழுதியிருப்பதில்லை.

சார்டெக்ஸ் என்பது 1947-ல் லண்டனில் தொடங்கிய கம்பெனியின் பெயர். 1993-ல் சுவிட்சர்லாந்தின் பூலர் நிறுவனம் அதை வாங்கியது. நகல் எடுப்பதெல்லாம் ஜெராக்ஸ் ஆனதுபோல, ஜப்பானின் சடாகே இயந்திரமும் சீனாவின் ஹெஃபெய் நகரிலிருந்து வரும் இயந்திரங்களும் நம் ஊர் ஆலைகளில் சார்டெக்ஸ்தான். பொதுப்பெயர் கலர் சார்ட்டர், நிறம் மாறிய மணிகளைக் கேமராவால் கண்டு பிரிக்கும் இயந்திரம்.

அது வேலை செய்யும் விதம் இது. மேலே ஒரு வைபரேட்டர் அரிசியைச் சீராகச் சிந்த, அது சாய்ந்த வழவழப்பான சரிவுத் தகட்டில் ஒரே அடுக்காக வழுக்கி இறங்கும். தகட்டின் அடிமுனையைத் தாண்டும்போது மணியின் வேகம் விநாடிக்குச் சுமார் 3 மீட்டர். அந்த இடத்தில் முன்னாலும் பின்னாலும் எல்இடி விளக்கும் கேமராவும் இருக்கும். இது முழுப் படம் எடுக்கும் கேமரா அல்ல, ஒரே ஒரு கோட்டை மட்டும் விநாடிக்குப் பல ஆயிரம் தடவை பார்ப்பது. கோடுகளை அடுக்கினால் மணியின் உருவம் வரும். கறுப்பு, மஞ்சள், சிவப்பு, பூச்சி கடித்த முனை எது தெரிந்தாலும், கீழே வரிசையாக இருக்கும் ஊதுகுழல்களில் அந்த மணிக்கு நேரான ஒன்று மட்டும் திறந்து ஒரு மில்லி விநாடி அளவுக்குக் காற்றை ஊதும். ஒரு தகட்டுக்கு 64 ஊதுகுழல்கள் இருப்பது சாதாரணம். மணிக்கு 3 டன் ஓடும் இயந்திரத்தில் விநாடிக்கு ஏறத்தாழ 45,000 மணிகள் இந்தப் பரிசோதனையைத் தாண்டுகின்றன. மனிதக் கண் இதில் போட்டி போட முடியாது.

ஆனால் கேமரா பார்க்க மட்டுமே செய்கிறது. மணியை வெளியே தள்ளுவது காற்று. ஆலைகளில் ‘மெஷின் சரியில்லை, நல்ல அரிசியோடு கறுப்பு போகிறது’ என்று வரும் புகார்களைத் துருவினால் கேமராவில் பழுது இருப்பது அபூர்வம், காற்றை அழுத்தித் தரும் கம்ப்ரசர் அறையில்தான் கோளாறு இருக்கும்.

கணக்கு எளிது. ஐப்பசி, கார்த்திகையில் 30 டிகிரி வெப்பமும் 80 சதவீத ஈரப்பதமும் உள்ள காற்றில், ஒரு கன மீட்டருக்குச் சுமார் 24 கிராம் நீராவி இருக்கும். அதை 7 பார் அளவுக்கு அழுத்திக் குளிரவிட்டால் 4 கிராம்தான் ஆவியாக நிற்கும், மீதி 20 கிராம் தண்ணீராகும். நிமிடத்துக்கு 2 கன மீட்டர் காற்றை இழுக்கும் கம்ப்ரசர், மணிக்கு இரண்டு லிட்டருக்கு மேல் தண்ணீரைக் குழாய்க்குள் உண்டாக்குகிறது. டாங்கின் அடி வால்வை யாரும் திறந்து விடாவிட்டால், காற்றை உலர்த்தும் ஏர் டிரையரை ‘கரண்ட் செலவு’ என்று நிறுத்தி வைத்தால், அந்தத் தண்ணீர் கம்ப்ரசர் எண்ணெயோடும் தவிட்டுத் தூசியோடும் கலந்து ஊதுகுழல் வால்வில் பசையாக ஒட்டும். ஒட்டிய வால்வு தாமதமாகத் திறக்கும், அல்லது மூடவே மூடாது. மூடாத வால்வைச் சீறும் சத்தத்தில் கண்டுபிடித்துவிடலாம். தாமதமாகத் திறப்பதுதான் ஆபத்து. ஒரு அரிசி மணி 6 மில்லிமீட்டர் நீளம் என்றால் கேமராவைக் கடக்க அதற்கு 2 மில்லி விநாடி போதும். வால்வு அந்த 2 மில்லி விநாடி பிந்தினாலே காற்று கறுப்பு மணியை விட்டுவிட்டு, பின்னால் வரும் நல்ல மணியை அடிக்கும். திரையில் எல்லாம் பச்சையாக, இயந்திரம் ஒழுங்காக ஓடுவதுபோலவே இருக்கும். கறுப்பு நல்ல அரிசியோடு போகும், நல்லது கழிவோடு போகும்.

அழுத்தமும் முக்கியம். இயந்திரத்துக்குள் நுழையும் காற்று 6 பாருக்குக் குறையக் கூடாது. ஊதும் இடத்தில் 2 முதல் 3 பார் நிலையாக நிற்க வேண்டும். கறுப்பு அதிகமுள்ள நெல் வந்தால் வால்வுகள் அடிக்கடி திறக்கும், காற்றுச் செலவு ஏறும், சிறிய கம்ப்ரசரில் அழுத்தம் இறங்கும். எப்போது இயந்திரம் அதிகம் தேவையோ அப்போதே அது பலவீனமாகிறது. விலை பேசும்போது சார்ட்டருக்கு லட்சக்கணக்கில் எண்ணிக் கொடுப்பவர்கள் கம்ப்ரசரிலும் டிரையரிலும் மிச்சம் பிடிப்பது வீண் சிக்கனம்.

அடுத்தது சரிவுத் தகடு. புழுங்கல் அரிசியில் பாலிஷ் முடிந்த பிறகும் மெல்லிய தவிட்டு எண்ணெய் இருக்கும். ஒரு ஷிப்டில் தகட்டின் மேல் கண்ணுக்குத் தெரியாத படலம் படியும். விரலை இழுத்துப் பார்த்தால் வழுக்காமல் பிடிக்கும், அதுவே அடையாளம். படலம் படிந்த இடத்தில் மணி மெதுவாக வரும், பக்கத்துத் தடத்தில் வேகமாக வரும். கேமராவுக்கும் ஊதுகுழலுக்கும் இடையே 3 செ.மீ. என்று வைத்தால் அதைக் கடக்க 10 மில்லி விநாடி என்று இயந்திரம் கணக்கு வைத்திருக்கிறது. வேகம் மாறினால் அந்தக் கணக்கு பொய். ஷிப்டுக்கு இரண்டு முறை காய்ந்த துணியால் துடைத்தால் போதும். ஈரத்துணியும் சோப்பும் கூடாது. பாலிஷரிலிருந்து சூடாக வரும் அரிசியை அப்படியே சார்ட்டருக்கு ஏற்றுவதும் தவறு. கண்ணாடியில் ஆவி படிந்து, இயந்திரம் வெள்ளை அரிசியையே பழுப்பாகப் பார்த்து அள்ளி வெளியே வீசும். நடுவே ஒரு தொட்டியில் ஆறவிட்டு ஏற்ற வேண்டும். காலையில் சுவிட்சைப் போட்டதும் ஓட்டக் கூடாது. விளக்கு சூடேறி வெளிச்சம் நிலைபெற அரை மணி நேரம் கொடுக்க வேண்டும்.

இவையெல்லாம் துடைத்து, திருகி, சரி செய்யக்கூடியவை. சரி செய்ய முடியாதது ஒன்று உண்டு, அதற்காகவே இந்தக் கடிதம்.

நுகர்பொருள் வாணிபக் கழகத்துக்கு நெல் அரைத்துத் தரும் ஆலைகளில் கலர் சார்ட்டர் இருக்க வேண்டும் என்ற நிபந்தனை வந்து சில ஆண்டுகள் ஆகின்றன. நல்ல நிபந்தனை. ஆனாலும் ரேஷன் அரிசியில் கறுப்பு வருகிறது என்ற புகார் ஓயவில்லை. காரணம் கேமராவில் இல்லை, கணக்கில் இருக்கிறது. 100 கிலோ நெல்லுக்குப் புழுங்கல் என்றால் 68 கிலோ, பச்சரிசி என்றால் 67 கிலோ அரிசி ஆலை திருப்பித் தர வேண்டும். புழுங்கலில் நிறம் மாறிய மணி 5 சதவீதம் வரை, பச்சரிசியில் 3 சதவீதம் வரை மத்திய அரசின் தர அளவு அனுமதிக்கிறது. இப்போது சார்ட்டரைப் பாருங்கள். ஒவ்வொரு ஊதலும் கெட்ட மணியோடு அக்கம்பக்கத்து நல்ல மணிகளையும் சேர்த்தே தள்ளும். ஒரு கெட்டதுக்கு மூன்று நல்லது என்று வைத்தால், 100 கிலோவில் 4 கிலோ கறுப்பு இருக்கும்போது முதல் சுற்றில் 16 கிலோ வெளியே போகும். அதை இரண்டாவது, மூன்றாவது தகட்டில் மறுபடி ஓட்டி நல்லதை மீட்க வேண்டும். மறு ஓட்டத்துக்குத் தகடு இல்லாத சின்ன இயந்திரத்தில் அந்த நல்ல அரிசி நஷ்டம். 68 கிலோவைச் சரிக்கட்ட வேண்டிய ஆலை என்ன செய்யும்? திரையில் உணர்திறன் எண்ணைக் குறைக்கும். விரல் நுனியால் ஒரு தட்டு, அவ்வளவுதான். இயந்திரம் இருக்கும், ஓடும், அதிகாரி வந்தால் விளக்கும் எரியும். கறுப்பு மட்டும் போகாது.

நெல் எங்கே கெடுகிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கொள்முதலுக்கு ஈரப்பத வரம்பு 17 சதவீதம். அறுவடையில் மழை பிடித்தால் டெல்டாவில் வரம்பைத் தளர்த்தக் கேட்கிறோம், தளர்த்தவும் செய்கிறார்கள். விவசாயிக்கு அது வேண்டியதுதான். ஆனால் அந்த ஈர நெல் திறந்தவெளியில் தார்பாய்க்கு அடியில் கிடக்கும் நாட்களில் சூடேறி, பூஞ்சை பிடித்து, உள்ளே அரிசி மஞ்சளாகிறது, கறுக்கிறது. கொள்முதல் நிலையத்தில் உலர்த்த வேண்டியதை ஆலையில் கேமரா வைத்துப் பொறுக்குகிறோம்.

இயந்திரம் செய்யாத வேலைகளையும் அதன் தலையில் கட்ட வேண்டாம். வெள்ளைக் கல் அதன் கண்ணுக்கு அரிசிதான். கல்லை எடையால் பிரிக்கும் டீஸ்டோனர் முன்னாலேயே இருக்க வேண்டும். கண்ணாடித் துண்டைப் பிடிக்க அகச்சிவப்புக் கேமரா உள்ள விலை கூடிய மாடல் வேண்டும். நொய்யை நீளத்தால் பிரிக்கும் கிரேடரும் வேறு.

புதிய இயந்திரங்களில் எண்களைத் திருக வேண்டியதில்லை. நல்ல மணி கொஞ்சம், கெட்ட மணி கொஞ்சம் ஓட்டிக் காட்டினால் தானே கற்றுக்கொள்ளும். எதைக் காட்டினோமோ அதைத்தான் கற்கும். பொன்னிக்குக் கற்றுக்கொடுத்த இயந்திரத்தில் மாப்பிள்ளைச் சம்பாவைப் போட்டால் மொத்தத்தையும் கழிவு என்று வீசிவிடும். கறுப்புக் கவுனிக்குச் சொல்லவே வேண்டாம். மரபு நெல் அரைப்பவர்கள் அமைப்பைத் தலைகீழாக்கி, சிவப்புக்குள் வெள்ளையைத் தேடச் சொல்ல வேண்டும். முன்பு ஓடிய ரக அமைப்பை மாற்ற மறந்து ஒரு மூட்டை முழுக்கக் கழிவில் போவது இப்படித்தான்.

இன்னொன்று, இது வீட்டிலும் நடப்பது. செறிவூட்டிய அரிசியில் 100-க்கு 1 என்ற அளவில், அதாவது கிலோவுக்கு 10 கிராம், இரும்புச்சத்தும் ஃபோலிக் அமிலமும் பி12-ம் சேர்த்து உருவாக்கிய மணிகள் கலக்கப்படுகின்றன. நிறம் சற்று மாறியிருக்கும். சார்ட்டருக்கு முன்னால் கலந்தால் இயந்திரம் அதைக் கெட்ட மணி என்று ஊதித் தள்ளிவிடும். ஆகவே கலக்கும் கருவி கடைசியில்தான் இருக்க வேண்டும். வீட்டில் முறத்தில் போட்டு ‘பிளாஸ்டிக் அரிசி’ என்று பொறுக்கி எறிபவர்களும் அதே தவறைத்தான் செய்கிறார்கள்.

ஆய்வுக்கு வருபவர்களிடம் எங்கள் கோரிக்கை இது. இயந்திரம் இருக்கிறதா என்று மட்டும் குறிக்காமல், அது நான்கு மணி நேரம் ஓடிய பிறகு, நல்ல அரிசி வரும் வாயிலில் பத்து நிமிட இடைவெளியில் மூன்று முறை 100 கிராம் பிடியுங்கள். நீலத் துணியில் பரப்பி, கறுப்பையும் மஞ்சளையும் பொறுக்கி, நகை எடைத் தராசில் நிறுங்கள். கிராம்தான் சதவீதம், வேறு கணக்கு வேண்டாம். மூன்று எடையும் ஒன்றுக்கொன்று வெகுவாக வேறுபட்டால் வைபரேட்டரில் அரிசி சீராக இறங்கவில்லை என்று பொருள். கடைசித் தகட்டின் கழிவு வாயிலிலும் 100 கிராம் பிடியுங்கள். அதில் பாதிக்கு மேல் நல்ல அரிசி இருந்தால் காற்றையோ நேரத்தையோ சரி பார்க்க வேண்டும். கம்ப்ரசர் டாங்கின் அடி வால்வைத் திறந்து பாருங்கள். தண்ணீர் கொட்டினால் அன்று காலை யாரும் அதைத் தொடவில்லை. கழிவு அரிசியின் எடையைத் தினமும் பதிவேட்டில் எழுதச் சொல்லுங்கள். கறுப்பு அதிகமுள்ள நெல் வந்த வாரத்திலும் கழிவு எடை ஏறாமலே இருந்தால் உணர்திறன் குறைக்கப்பட்டிருக்கிறது, அல்லது கழிவு திரும்ப, அரிசியை மேலே ஏற்றும் எலிவேட்டரில் ஏறியிருக்கிறது.

அரசிடம் ஒன்று: மழையில் நனைந்த நெல் என்று கொள்முதல் செய்யும்போதே தெரிந்து, ஈரப்பத வரம்பையும் தளர்த்தி எடுத்த லாட்டுக்கு, 68 கிலோ என்ற கணக்கிலும் அதற்கேற்ற தளர்வு வேண்டும். கறுப்பையும் எடுக்க வேண்டும், எடையும் குறையக் கூடாது என்றால் அந்தக் கணக்கு எந்தக் கேமராவாலும் நேராகாது.

இப்படிக்கு,
அரிசி ஆலை கலர் சார்ட்டர் பராமரிப்பாளர்கள் சிலர்,
காங்கேயம்